மாநாட்டில் டீ பிரேக் முக்கியம்!

இங்கிலீஷ் வாத்தியார்களுக்கென்று வருஷா வருஷம் மாநாடு நடக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அரசியல் மாநாடு என்றால் ஊருக்கே தெரியும். கட்-அவுட் நிற்கும், லாரியில் ஆள் வரும், பிரியாணிப் பொட்டலம் பறக்கும். எங்கள் மாநாட்டில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர், ஒரு துணிப்பை, எழுதாத ஒரு பேனா, மத்தியானம் சாம்பார் சாதம். லாரி கிடையாது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

"அங்க போயி இன்னா சார் பண்ணுவீங்க? உங்களுக்குத்தான் இங்கிலீஷு ஏற்கெனவே தெரியுமே!" என்கிறார் பெரம்பூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்காரர்.

ஸ்டாஃப் ரூமில் இதே கேள்வி கொஞ்சம் நாசூக்காக வரும்: "ஓ.டி. கொடுத்தாங்களா, சி.எல்.லா?" சி.எல்.தான். வீட்டில் இன்னும் சுருக்கம்: "எவ்வளவு?" பதிவுக் கட்டணத்தைச் சொன்னால், "அந்தக் காசுக்கு மிக்ஸியை ரிப்பேர் பண்ணியிருக்கலாம்" என்று பதில்.

நியாயமான பேச்சு. ஆகவே, மிக்ஸியைவிட மாநாடு எந்த விதத்தில் உசத்தி என்று விளக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் எங்கள் பேட்டையைப் பற்றி. மின்சார ரயிலில் வந்தால் பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று வரிசையாக மூன்று பெரம்பூர் வரும். 1955-ல் நேரு வந்து திறந்துவைத்த ஐ.சி.எஃப். பக்கத்திலேயே. ரயில் பெட்டி கட்டுகிற, ரயில் பெட்டியைப் பழுது பார்க்கிற ஊர். இங்கே அப்பாக்கள் தமிழ் பேசினாலே பாதி இங்கிலீஷ். "போகியை ஷண்டிங் பண்ணி, பிரேக் பிளாக் மாத்தி, ஓவர்டைம் முடிச்சு வந்தேன்" என்பார்கள். மகன் பரீட்சையில் ஆக்டிவ் வாய்ஸை அழகாக பாஸிவ் வாய்ஸாக மாற்றிவிடுவான். 80 மார்க். ஆனால் இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று ஒருவர் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

சிரிக்காதீர்கள். ஹெட் ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் போன் வருகிறது என்றதும் பாத்ரூம் பக்கம் நழுவுகிற ஆசாமி உங்கள் செக்‌ஷனிலும் ஒருவர் இருப்பார். அவரும் 80 மார்க்தான். அந்த மார்க்குக்கும் இந்த நழுவலுக்கும் நடுவில்தான் பல பேருடைய வேலையும் பிரமோஷனும் சிக்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பிரச்னையை ஒரே அடியில் தீர்த்துவிட நம் ஊரில் பெரிய முயற்சியே நடந்தது. 1959-ல் அன்றைய சென்னை ராஜ்யத்தில், பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு, ஆரம்ப நிலையில் இங்கிலீஷ் சொல்லித் தரும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது என்று திட்டம் போட்டார்கள். சிலருக்குப் பயிற்சி. அவர்கள் இன்னும் பலருக்கு. அந்தப் பலர், ஊர் ஊராகப் போய் எல்லாருக்கும். உருட்ட உருட்டப் பெருக்கும் அல்லவா? அதனால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்று பெயர். 1962-ல் இதைப்பற்றி வெளிநாட்டுக் கல்விப் பத்திரிகையில் கட்டுரையே வந்தது.

பனியையே பார்க்காத ஊரில் பனிப்பந்து! பெயர் வைத்தவருக்கு நம்மூர் வெயில் தெரியாது போலிருக்கிறது. மேலிருந்து உருட்டியது கீழே வரும்போது கரையத்தானே செய்யும்? முதல் ஆளிடம் 'ஏன்' என்பதும் இருந்தது, 'எப்படி' என்பதும் இருந்தது. கடைசி ஆளிடம் வந்து சேரும்போது பேனாவைத் தூக்கிக் காட்டி "திஸ் இஸ் எ பென்" என்று முழு வகுப்பும் கோரஸ் பாடுவது மட்டும் மிஞ்சும். பேனாவைக் காட்டிவிட்டு, அது பேனா என்று எதற்காகச் சொல்ல வேண்டும்? எந்தப் பையனும் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு இங்கிலீஷ் வராது!

அந்தக் கேள்வியைக் கேட்டவர் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணிபுரிந்த என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் சோதனை நடத்தினார். இலக்கணத்தை மூட்டை கட்டிவிட்டு, பிள்ளைகள் கையில் ரயில் டைம்டேபிளையும் மேப்பையும் கொடுத்தார்கள். எந்த ரயில் முதலில் போகும், எதில் போனால் நேரம் மிச்சம்? கண்டுபிடி. மண்டையைக் குடைந்துகொள்ளும்போது பாஷை தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. வேலையைச் செய்யவைத்து மொழியைப் பழக்குவது என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதன் முன்னோடிகளில் முக்கியமானது இந்த 'பெங்களூர் புராஜெக்ட்'. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கதவைச் சாத்திக்கொண்டு செய்யவில்லை. கருத்தரங்கு கூட்டி, மற்ற ஆசிரியர்களையும் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லி வாக்குவாதம் பண்ணினார்கள்.

ஆசிரியர்கள் கூடிப் பேச சங்கமும் இருந்தது. பத்மஸ்ரீ எஸ்.நடராஜன் சென்னையில் 1974-ல் தொடங்கிய இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம், எல்டாய் என்பார்கள். அமெரிக்காவில் 1966-ல் டெசோல், இங்கிலாந்தில் 1967-ல் ஐயாடெஃபல் என்று அங்கேயும் கொஞ்சம் முன்னால்தான் ஆரம்பித்திருந்தார்கள். நாம் ஒன்றும் ரொம்ப லேட் இல்லை.

சரி, மாநாட்டுக்கு வருவோம். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். ஃபேன் காற்றில் மெழுகுவர்த்தி அணையும். மறுபடி ஏற்றுவார்கள். "கடைசியாக ஒரு வார்த்தை" என்று ஆரம்பிப்பவர் இருபது நிமிஷம் எடுத்துக்கொள்வார். வெளிநாட்டு நிபுணர் தன் வகுப்பின் படத்தைத் திரையில் காட்டுவார். பதினைந்து பிள்ளைகள், தரையில் கம்பளம். என் வகுப்பில் ஐம்பத்தெட்டு பேர். நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர்.

ஆனால் டீ பிரேக் வருமே... அங்கேதான் சார் மாநாடு!

ஒரு மாநாட்டில் கடலூர் பக்கத்து அம்மா ஒருவர் பக்கத்தில் நின்று பிஸ்கெட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அவர் வகுப்பில் அறுபது பேராம். 'ஓட்ட டிக்டேஷன்' பற்றிப் பேச்சு வந்தது. ஒரு காகிதத்தில் ஐந்தாறு வரி எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். இரண்டிரண்டு பேராக ஜோடி. ஒருவன் ஓடிப்போய்ப் படித்து, நினைவில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல, இன்னொருவன் எழுத வேண்டும். புஸ்தகத்தில் இது இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன். புஸ்தகத்தில் இல்லாததை அந்த அம்மா சொன்னார்.

"ஆறு இடத்துல ஒட்டிடுங்க சார், இல்லேன்னா ஒரே இடத்துல குவிஞ்சு சட்டையைக் கிழிச்சுக்குவாங்க. கத்தினா ஒரு வரி கட். முக்கியமா, நல்லாப் படிக்கிற பிள்ளைய எழுத விடுங்க. வாயே திறக்காத பிள்ளைய ஓட விடுங்க."

அடுத்த திங்கட்கிழமை பெரம்பூரில் செய்து பார்த்தேன். ரயில்வே அறிவிப்பு மாதிரி ஆறு வரி: எந்த வண்டி, எத்தனை நிமிஷம் லேட், எந்தப் பிளாட்பாரம். ஜூனிலிருந்து பெயர் கூப்பிட்டால் "பிரசன்ட்" என்பதைத் தவிர வேறு இங்கிலீஷ் பேசாத கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன். அவன் ஓடினான். மூச்சு வாங்க வந்து, "டிரெயின் லேட்... ஃபார்ட்டி மினிட்ஸ்" என்றான். ஜோடிக்காரன் விடவில்லை. "விச் பிளாட்பாரம்?" பையன் திருதிருவென்று விழித்துவிட்டு, "வெயிட்!" என்று கத்திக்கொண்டு மறுபடி ஓடினான்.

வெயிட்! ஒரே வார்த்தை. பரீட்சைக்காக இல்லை, வாத்தியாருக்காக இல்லை. தனக்கு வேண்டியிருந்ததால் சொன்ன வார்த்தை. பக்கத்து வகுப்பு கணக்கு வாத்தியார், "என்ன சார், தீப்பிடிச்சிடுச்சா?" என்று எட்டிப் பார்த்தார். பிடித்துத்தான் இருந்தது.

எல்லா மாநாடும் இப்படி என்று சொல்லவில்லை. சர்டிஃபிகேட்டுக்காகவே நடப்பவை உண்டு. 2020 கொரோனாவில் வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து வெபினார் சர்டிஃபிகேட்டாக வாங்கிக் குவித்தோம். ஃபைல் தடித்தது. வகுப்பு மாறியதா என்று யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் கிடைத்தது, அந்த டீ பிரேக்கைத் தவிர.

வாத்தியார் வேலை கொஞ்சம் தனிமையான வேலை சார். உங்கள் ஆபீஸில் ஒரு கணக்கு உதைத்தால் பக்கத்து சீட்டைக் கேட்கலாம். வகுப்புக் கதவைச் சாத்திவிட்டால் எனக்குப் பக்கத்து சீட்டே கிடையாது. வருஷத்துக்கு இரண்டு நாள் அந்த சீட்டுக்குத்தான் காசு கட்டுகிறேன். மேலிருந்து உருட்டி விட்டது வழியில் கரையலாம். பக்கத்தில் நிற்பவர், தன் அறுபது பிள்ளைகளிடம் செய்து பார்த்துவிட்டுக் கையில் கொடுப்பது அத்தனை சுலபமாகக் கரைவதில்லை.

ஆகவே, உங்கள் பிள்ளையின் இங்கிலீஷ் டீச்சர் இரண்டு நாள் மாநாட்டுக்குப் போய்விட்டார் என்று தெரிந்தால், "ஊர் சுத்தப் போயிட்டாங்க" என்று முணுமுணுக்காதீர்கள். திரும்பி வந்ததும், "என்ன டீச்சர் கொண்டு வந்தீங்க?" என்று கேளுங்கள்.

துணிப்பையைக் காட்டினால் மட்டும் விடாதீர்கள்!