வாங்கின விலையா, இன்றைய மதிப்பா?

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு பழைய சண்டை தெரிந்திருக்கும். எப்போதோ 5,000 ரூபாய்க்கு வாங்கிய நிலத்தை இன்று கணக்கில் எப்படிக் காட்டுவது? வாங்கின விலையிலா, இன்றைய மதிப்பிலா? முதல் வழியில் தில்லுமுல்லு குறைவு. ஆனால், கணக்குக்கும் நிஜத்துக்கும் சம்பந்தம் இருக்காது. இரண்டாவதில் நிஜம் தெரியும். ஆனால், மதிப்புப் போடுகிற ஆசாமி நல்லவனா இருக்கணும்!

நீதிபதிகளுக்குள்ளும் இதே சண்டைதான். அரசியல் சாசனத்தை, எழுதின காலத்து அர்த்தத்திலேயே படிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அமெரிக்காவில் நீதிபதி ஸ்காலியா கடைசிவரை இதைத்தான் சொன்னார். காலத்தோடு சேர்ந்து அர்த்தமும் வளரும் என்பது எதிர்க்கட்சி.

'நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தூத்துக்குடியில் உப்பு யாவாரம் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், ஸ்டெர்லைட் பேச்சு வந்தபோது என்னிடம் கேட்டார்: "சட்டப் புஸ்தகத்துல காத்து, தண்ணின்னு எங்கயாவது போட்டிருக்கா தம்பி?"

உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆவது பிரிவில் அந்த வார்த்தைகள் இல்லை. சாசனம் அமலுக்கு வந்த 1950-ல் அந்த ஊரில் தாமிர ஆலையும் இல்லை. உப்பளம், துறைமுகம், முத்துக்குளிக்கிற கடல். அதே வருஷம், தடுப்புக்காவலில் இருந்த ஏ.கே.கோபாலன் சென்னை மாகாண அரசை எதிர்த்துப் போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை எழுத்துக்கு எழுத்து படித்தது. சட்டம் போட்டு, அதன்படி ஒருவரை உள்ளே வைத்தால் சரி. அது நியாயமான வழிமுறையா என்று கேட்கக் கூடாது! 1978-ல் மேனகா காந்தி வழக்கில் இது மாறியது. 1991-ல், சுத்தமான காற்றும் தண்ணீரும் 'உயிரில்' சேர்த்தி என்றார்கள்.

அப்படியானால் ஊர் ஜெயித்திருக்க வேண்டுமே? 2013-ல் ஸ்டெர்லைட்டுக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்த உச்ச நீதிமன்றம், தாமிரத்தின் தேவை, வேலை, துறைமுகச் சரக்கு எல்லாம் பார்த்து, 'ஆலை ஓடட்டும்' என்றது. 2024 பிப்ரவரியில், தொடர்ந்த விதிமீறல்களையும் ஜனங்களின் உடல்நலத்தையும் பார்த்து, 'அரசு மூடியது சரி' என்றது. நடுவில் 21-ஆவது பிரிவில் ஓரெழுத்து மாறவில்லை.

என் கட்சி இன்றைய மதிப்புதான். வாங்கின விலை என்றால், அண்ணாச்சியின் காற்றுக்குக் கணக்கே திறந்திருக்க மாட்டார்கள். ஆனால், திறந்தால் மட்டும் போதாது. எதற்கு எவ்வளவு மதிப்புப் போட்டோம் என்று நீதிபதி பைசா சுத்தமாகக் காட்ட வேண்டும். அதுவும் சீக்கிரமாக.

அந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில், 2018 மே மாதம், ஆலையை மூடச் சொல்லி ஜனங்கள் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். காற்றும் உயிரில் சேர்த்தி என்று எழுதி அப்போது 27 வருஷம் ஆகியிருந்தது.