பீல்டு டெஸ்டுக்கு முன் கண்ணீரைக் கவனியுங்கள்

ஜனவரி 8, பூம்பாறை

பனி கொட்டும் மாதம். பகலில் வறண்ட காற்று, இராத்திரி விறகடுப்புப் புகை. பூண்டுக் காட்டிலிருந்து திரும்பிய அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். "மண்ணை அள்ளிப் போட்டாப்ல இருக்கும்மா. சொட்டு விட்டா இன்னும் எரியுது. கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்பமா?"

கிளாக்கோமாவுக்கான சொட்டு அது. நிறுத்தினால் கண் அழுத்தம் ஏறும். அழிந்த பார்வை நரம்பு திரும்பாது. "விடாம போடுங்கப்பா, டாக்டரைக் கேட்போம்" என்றேன்.

ஜனவரி 10, மதுரை

விடியலில் மலையிறங்கி, வத்தலக்குண்டு வழியாகக் கண் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தோம். முதலில் பக்கப் பார்வையை அளக்கும் பீல்டு டெஸ்ட். ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்தார் அப்பா. "நடுவுல இருக்கிற மஞ்சள் வெளிச்சத்தையே பாருங்க ஐயா. ஓரத்துல புள்ளி மின்னினா பட்டனை அழுத்துங்க" என்றார் டெஸ்ட் எடுத்த பெண். ஒவ்வொரு புள்ளியும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் மின்னும். அப்பா இமைக்காமல் முறைத்துப் பார்த்தார்; கண்ணில் நீர் வழிந்தது.

முடிவுத் தாளில், பார்வை குறைந்த இடத்தைக் காட்டும் கருமை முன்பைவிடக் கூடியிருந்தது. 'நம்பகத்தன்மை குறைவு' என்றும் குறிப்பு. நோய் முற்றிவிட்டதோ என்று எனக்குப் பகீரென்றது. டாக்டர் அவசரப்படவில்லை. கீழிமையில் வடிதாள் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தார். 4 மில்லிமீட்டர்தான் நனைந்தது. 10-க்கு மேல் நனைய வேண்டும்.

கண் வறண்டாலும் உறுத்தலில் நீர் வழியும் என்று விளக்கினார். கண்ணீர்ப் படலம் உடைந்தால் பார்வை மங்கி, மங்கலான புள்ளிகள் தவறிப்போகும். பல சொட்டு மருந்துகளில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு, ஆண்டுக்கணக்கில் போடும்போது அந்தப் படலத்தைக் கெடுக்கும். அது கலக்காத மருந்தும் செயற்கைக் கண்ணீரும் எழுதிக் கொடுத்தார். இமைக்கு வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கச் சொன்னார்.

பிப்ரவரி 24, மதுரை

மறு பரிசோதனை. இந்த முறை செயற்கைக் கண்ணீர் விட்டபின்தான் உட்கார வைத்தார்கள். "தாராளமா இமைக்கலாம் ஐயா. களைச்சா பட்டனை அழுத்திப் பிடிங்க, டெஸ்ட் நிற்கும்" என்றார்கள். பரவலான கருமை விலகியது. மூக்குப் பக்கம் வில் போன்ற ஒரு கறை மட்டும் அப்படியே நின்றது. அதுதான் கிளாக்கோமாவின் உண்மையான சேதம். இனி ஒப்பிட வேண்டியது இந்தத் தாளோடுதான்.

பிப்ரவரி 25, பூம்பாறை

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 40 வயது கடந்தோரில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. பெரும்பாலோருக்கு அது தெரியவே இல்லை. தெரிந்துகொண்டு மருந்து போடுகிறவர்கள் எரிச்சலுக்காக அதை விட்டுவிடக் கூடாது. மலைக்காரர்களே, எரிந்தால் டாக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. பீல்டு டெஸ்டுக்கு உட்காரும் முன் கண் உறுத்தலையும் சொல்லிவிடுங்கள்.