பழித்த ஊரும் சீட்டு வாங்கியது!

ஆம்பூரில் ஆசிரியப் பணி புரிகிறேன். தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகள் பள்ளி நாடகத்தில் நடிக்க விழைந்தாள். "கூத்தாடியாக்கவா அனுப்பினேன்? படித்தது போதும், மாப்பிள்ளை பார்த்தாயிற்று!" என்று சீறினார் தந்தை. அவள் வயதோ பதினான்கு!

வீடு தேடிச் சென்று அவரிடம் ஒரு வரலாறு சொன்னேன். திருவையாற்றிலே பிறந்தவர் டி. பி. ராஜலட்சுமி. பால்ய மணம் வாழ்வைப் பறித்தது. நாடக மேடை மீட்டுத் தந்தது. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாம் 'காளிதா'ஸில் நாயகன் தெலுங்கு பேச, நாயகி ராஜலட்சுமி தமிழ் பேசினார். 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தாமே எழுதி இயக்கினார். தென்னாட்டில் படம் இயக்கிய முதல் பெண் அவரே. 1964-இல் மறைந்தார்.

"கூத்தாடி என்று பழித்த ஊரும் சீட்டு வாங்கிப் பார்த்தது, ஐயா! நாற்றமென்று உங்களை ஒதுக்குவோர், நீங்கள் பதனிட்ட தோலைச் செருப்பாய் அணியவில்லையா? உழைப்பைத் துய்ப்பது, உழைத்தவரைப் பழிப்பது! அந்த வழக்கத்தை நம் பெண்ணிடம் நாமே காட்டலாமா? பதினெட்டுக்கு முன் மணம் சட்டப்படியும் குற்றமல்லவா?"

சுண்ணாம்பு அரித்த விரல்களையே பார்த்திருந்தார் அவர். மறுநாள் மகள் பள்ளிக்கு வந்தாள். மணப்பேச்சு நின்றது, நாடகத்துக்கு இன்னும் இசைவில்லை. பாதி வெற்றிதான், தோழர்களே! மீதிக்காக மீண்டும் அந்தப் படி ஏறுவேன்.