அத்தையின் சொட்டு மருந்து

உங்கள் வீட்டு அலமாரியில் பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து ஒன்று கிடக்கிறதா? எங்கள் வீட்டிலும் கிடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

தாசேக் கெலுகோரில் பால் வெட்டப் போய்வந்த என் அத்தைக்கு ஒருமுறை கண் சிவந்து நீராய் வடிந்தது. மூக்குக் கண்ணாடி வாங்கிய கடையில் போய்ச் சொன்னார். கடைக்காரர் ஒரு சின்னப் புட்டி கொடுத்தார். இரண்டே நாளில் கண் பளிச்சென்று ஆகிவிட்டது! அப்புறம் அத்தை அந்தப் புட்டியை விடவே இல்லை. உறுத்தினால் ஒரு சொட்டு, தூசி விழுந்தால் ஒரு சொட்டு. தீர்ந்தால் இன்னொரு புட்டி.

ஒன்றரை வருடம் போயிருக்கும். பக்கத்தில் நிற்பவர்களை இடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பெரியாஸ்பத்திரி டாக்டர் புட்டியை வாங்கிப் பார்த்தார். ஸ்டீராய்டு. அது சிவப்பைச் சட்டென்று அடக்கிவிடும். ஆனால் நெடுநாள் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறும், வலி தெரியாது, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். போன பார்வை திரும்பாது என்றார்.

கடைக்காரர் கெட்டவர் அல்லர், நல்ல மனதோடுதான் கொடுத்தார். ஆனால் நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி ஸ்டீராய்டு சொட்டை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. கண்ணாடிக் கடைகளுக்கென்றே 1991இல் வந்த சட்டம், பார்வை அளந்து கண்ணாடி செய்து தரும் ஆப்டிஷியனையும், கண் பரிசோதனையையே படிப்பாகப் படித்த ஆப்டோமெட்ரிஸ்டையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வைத்தது. இருவரும் கண் டாக்டர் அல்லர்.

சொட்டில் இன்னொரு வகை உண்டு. அது குணமாக்க அல்ல, உள்ளே பார்க்க. டிராப்பிக்கமைட் விட்டால் அரை மணியில் கண்மணி விரியும். பின்னால் உள்ள விழித்திரை தெரியும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை அவசியம். பார்வை சில மணி நேரம் மங்கலாக இருக்கும், அன்று மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள்.

அமெரிக்காவில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. பார்க்கும் சொட்டை ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு முதலில் அனுமதித்தது ரோட் ஐலண்ட் மாநிலம், 1971இல். குணமாக்கும் மருந்தை மேற்கு வர்ஜீனியா 1976இல் அனுமதித்தது. கண் டாக்டர்கள் எதிர்த்தார்கள். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு அலைகிற நமக்கு, படித்தவர் கையில் முதல் வகை இருந்தால் நல்லதுதான் என்பேன். இரண்டாவது வகைக்கு மட்டும் என் மனம் இன்னும் ஒப்பவில்லை.

அத்தை இப்போதும் கேட்கிறார்: "சிவப்புதான் போயிடுச்சே, அப்புறம் எப்படிம்மா கண்ணு போச்சு?"