மகள் ஏன் நூலகத் துறைக்குப் போனாள்?

 

போன கிழமை மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது தெரிந்த ஒருவர் கேட்டார்: "சேர், டீச்சர், பிள்ளை ஏ.எல். நல்லாச் செய்தவள்தானே? புத்தகம் அடுக்கிற வேலைக்கோ விட்டனீங்கள்?"

எங்களுக்குக் கோபம் வரவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் நாங்களும் மகளிடம் இதையேதான் கேட்டோம். அவருக்கு அந்த இடத்தில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு வழி தேடும் வேறு பெற்றாருக்கும் உதவலாம்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் சொன்னபோது நாங்கள் சிறு பிள்ளைகள். எங்கள் இரண்டு வீடுகளிலிருந்தும் தப்பி வந்த தாள் என்று இன்று கையில் இருப்பது ஒரு பிறப்புச் சான்றிதழும் ஒரு கலியாண அழைப்பிதழும் மட்டும். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபின், பாடசாலைக்குக் கிட்ட என்று மருதனார்மடத்தில் வாடகைக்கு வீடு எடுத்தோம்.

மகள் ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை ஓர் ஆவணக் காப்பகத்துக்கு ஆறு மாதம் பயிலுனராகப் போனாள். பழைய சஞ்சிகைகளில் துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றுவது, மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்வது, ஒரு பக்கமும் தவறவில்லை என்று எண்ணிப் பார்ப்பது எல்லாம் அவளுடைய வேலை. ஒரு வீட்டிலிருந்து வந்த கட்டை அந்த வீட்டார் வைத்திருந்த ஒழுங்கிலேயே வைக்க வேண்டும், அந்த ஒழுங்கும் ஒரு தகவல்தான் என்று வந்து சொல்லுவாள். பிள்ளை பொழுதைப் பயனாகக் கழிக்கிறாள் என்று நாங்கள் சந்தோசப்பட்டோம். அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

நாலாவது மாதம் புத்தளத்திலிருந்து ஒரு வயதான மனிதர் அங்கே வந்தார். முன்பு சோனகதெருவில் இருந்தவர். வாப்பாவின் கடை விளம்பரம் எழுபதுகளில் ஒரு சஞ்சிகையில் வந்தது, பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். கடையின் படம் ஒன்றும் அவரிடம் இல்லை. எந்தச் சஞ்சிகை என்றும் அவருக்கு நினைவில்லை. ஸ்கேன் செய்த பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் பதிவில் இருந்தது சஞ்சிகையின் பெயரும் மாதமும் வருடமும்தான். விளம்பரங்களையோ கடைப் பெயர்களையோ யாரும் பதியவில்லை. மகள் இரண்டு மணித்தியாலம் தேடினாள். அவருக்குப் பின்னேர பஸ். "பரவாயில்லை மகள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. "வாப்பா, அந்தத் தாள் அங்கதான் எங்கேயோ இருக்கு. எனக்குத்தான் எடுத்துக் குடுக்கத் தெரியேல்லை" என்றாள்.

பெறுபேறு வந்தது. நாங்கள் ஆசிரியத் தொழிலைச் சொன்னோம், அவள் நூலகத் துறை என்றாள். எங்கள் பயம் சம்பளமும் எதிர்காலமும். வீட்டில் இரண்டு மூன்று கிழமை பெரிய பேச்சுவார்த்தை இல்லை. பிறகு நாங்களே விசாரிக்கத் தொடங்கினோம்.

முதலில் தெரிந்துகொண்டது: பயிலுனர் சான்றிதழ் ஒருவரை நூலகர் ஆக்காது. இது முறையாகப் படிக்க வேண்டிய தொழில். இலங்கை நூலகச் சங்கம் 1960 முதல் இயங்குகிறது, அதன் டிப்ளோமாவைத் தமிழிலும் படிக்கலாம். களனிப் பல்கலைக்கழகத்தில் நூலக விஞ்ஞானத்துக்கென்றே ஒரு துறை உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1999இல் தொடங்கிய தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகமும் உண்டு.

என்ன படிக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதற்கு மகள் ஓர் உதாரணம் சொன்னாள். வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் எழுதிய 'இலங்கையில் இஸ்லாம்' நூலை எந்தத் தட்டில் வைப்பது? டூயி தசமப் பகுப்பில் இஸ்லாத்துக்கு 297, இலங்கை வரலாற்றுக்கு 954.93. சமயம் படிப்பவரும் தேடுவார், வரலாறு படிப்பவரும் தேடுவார். புத்தகம் ஒரு தட்டில்தான் இருக்க முடியும். ஆனால் பட்டியலைச் சரியாகச் செய்தால் இரண்டு பேரும் அதைக் கண்டுபிடிப்பார்கள். பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகப் பாடம் சொல்லிக் கொடுக்கும் எங்களுக்கு இது தெரியாது.

இந்தத் துறையின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். தொடக்கத்தில் அலுப்புத் தட்டிப் பழைய வேலைக்கே திரும்ப நினைத்தாராம். லண்டன் போய்ப் படித்த பிறகுதான் மனம் மாறினார். இங்கே எங்கள் மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரியிலும் ஒரு காலம் நூலகராக இருந்தவர் என். செல்வராஜா. பின்னாளில் லண்டனில் இருந்தபடி ஈழத்து நூல்களுக்கு 'நூல்தேட்டம்' என்று தொகுதி தொகுதியாகப் பட்டியல் செய்தார். ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் நூல்கள்.

1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 2005இல் நூலகம் என்ற இணைய நூலகம் தொடங்கியபின் எவ்வளவோ தாள்கள் மீண்டு வந்திருக்கின்றன. ஆனால் 1990இல் வெறுங்கையோடு போன எங்கள் சனத்தின் கடைகள், பள்ளிகள், கலியாணங்கள் பற்றிய தாள்களைக் கேட்டு வருபவருக்கு எடுத்துக் கொடுக்க, அந்தப் பெயர்களையும் தெருக்களையும் தெரிந்த பிள்ளைகள் இந்தத் துறையில் இருக்க வேண்டும். எங்களுக்குக் கடைசியில் விளங்கியது இதுதான்.

மகள் இப்போது ஒரு நூலகத்தில் உதவியாளர். சம்பளம் பெரிதில்லை. வேலையோடு டிப்ளோமாவும் படிக்கிறாள். காப்பகத்தில் பழகிய கை இன்னும் மாறவில்லை. பழைய சஞ்சிகை எது கிடைத்தாலும் அதில் வரும் கடைப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறாள். புத்தளத்து மனிதரின் தொலைபேசி எண் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. விளம்பரம் இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் பழைய மலர், சஞ்சிகை, அழைப்பிதழ், கடைப் பற்றுச்சீட்டு ஏதாவது இருந்தால் குப்பையோடு கொளுத்த முன் எங்களுக்கு ஒருக்கால் சொல்லுங்கள். நாங்களே சைக்கிளில் வந்து பார்க்கிறோம்.