இரவல் அப்பா

எங்கள் பாப்டிஸ்டு சபைகளில் பேராயர் கிடையாது. தென்னிந்தியத் திருச்சபையில் ஊழியம் செய்யும் நண்பர் அல்மனாக்கைத் திறந்தால் அந்த ஞாயிறுக்குரிய தலைப்பும் வேதபாடங்களும் அச்சாகியிருக்கும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஞாயிறு காலைப் பிரசங்கம், மாலைக் கூட்டம், வாரநடுவில் வேதபாடம், அதுபோகக் கல்யாணம், அடக்கம், வீட்டு ஜெபம் என எல்லாவற்றுக்கும் பேச்சு என் தலையிலிருந்துதான் வரவேண்டும். என்னை அழைத்தது சபை. வேண்டாமென்றால் ஓட்டுப்போட்டு அனுப்பப்போவதும் சபை. இந்தச் சுதந்திரத்தைப் பற்றி மேடையில் பெருமையாகப் பேசுவேன். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அதே சுதந்திரம் நெஞ்சை அடைக்கும்.

அந்த ராத்திரிகளில் நான் திருடினேன். பல வருஷமாக.

முதலில் பாப்டிஸ்டுப் போதகர் ஸ்பர்ஜன். அவருடைய லண்டன் பிரசங்கங்கள் 1855 முதல் வாராவாரம் அச்சாகின. 1892இல் அவர் இறந்த பிறகும், 1917 வரை வந்துகொண்டே இருந்தன. எடுக்க எடுக்கக் குறையாது. தலைப்பை மாற்றி, லண்டன் பனியை நம்மூர் வெயிலாக்கினால் வேலை முடிந்தது. மனம் சோர்ந்திருந்த சமயம் எங்கோ ஒரு சிற்றாலயத்தில் போய் உட்கார்ந்த ஸ்பர்ஜன், அங்கே தன்னுடைய பிரசங்கத்தையே இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு ஆறுதல் அடைந்தார் என்றொரு கதை உண்டு. அதை எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன். பேசியவர் பிறகு வெட்கப்பட்டு நின்றார் என்ற பாதியை வசதியாக மறந்துவிட்டேன்.

பாவம் பழையதுதான். ஜான் டிரஸ்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1769இல், கையால் எழுதியது போலவே தோன்றும் எழுத்தில் பிரசங்கங்களை அச்சடித்து மற்ற குருமாருக்கு விற்கக் கிளம்பினார். மேல்மாடத்திலிருந்து யாராவது எட்டிப் பார்த்தாலும் ஐயரே உட்கார்ந்து எழுதியது என்று நினைக்க வேண்டுமே! 2021இல் அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்டு கன்வென்ஷனுக்குத் தலைவரான எட் லிட்டன், தமக்கு முன் அந்தப் பதவியில் இருந்த ஜே.டி. கிரியரின் பிரசங்கத்திலிருந்து பகுதிகளைப் பெயர் சொல்லாமல் பயன்படுத்தியதற்காக மன்னிப்புக் கேட்டார். கிரியர் அனுமதி கொடுத்திருந்தும் அவர் கேட்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வார ஞாயிறும் இரவல்தான் வாங்கினேன்.

புத்தகங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்பர்ஜனின் மனைவி சூசன்னா, நோயாளியாய் வீட்டோடு கிடந்த பெண், ஏழைப் போதகர்களுக்குப் புத்தகம் அனுப்ப 1875இல் ஒரு நிதியே தொடங்கினார். புத்தகமில்லாத போதகனின் வறட்சி அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். ஊழியத்துக்கு வந்த புதிதில் என்னிடம் ஒரு வேதாகமமும் ஒத்தவாக்கியப் புத்தகமும்தான். பேச விஷயம் இல்லாததால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். எங்கள் நாமக்கல் பக்கத்தில் பாதி ஆண்கள் ரிக் வண்டியில் வடக்கே போர்வெல் போடப் போயிருப்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும். வியாழக்கிழமை ஒரு வாசற்படியில் கேட்டது ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு வசனத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். பிரசங்கம் சுமாராகத்தான் இருக்கும். ஆனால் அது அவர்களுக்கானது.

அலமாரி நிறைந்தது. பிறகு எல்லாம் போனுக்கு வந்தது. ஆங்கிலப் பிரசங்கத்தைப் போட்டால் தமிழாகக் கொட்டியது. வீடு சந்திப்பு தானாக நின்றது, தேவைப்படவில்லை. ஒரு ஞாயிறு, பிள்ளைகளை விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்பி ஆராதனையைத் தவறவிடும் பெற்றோரைக் கடிந்து முழங்கினேன். எதிரே இருந்த பையன்கள் படிப்பை விட்டுவிட்டுத் தறிக்குப் போகிறவர்கள். யாரும் சிரிக்கக்கூட இல்லை.

இந்த மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்டு ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்தவர். அவர் 1929இல் காய்ச்சலில் இறந்தார். அவர் மனைவி எவலின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பிவந்து, மட்டக்குதிரையில் ஊர் ஊராய்ப் போய், 1974இல் இறக்கும்வரை இந்த மலைகளிலேயே இருந்தார். இவர்களைப் பற்றி வருஷா வருஷம் மிஷனெரி ஞாயிறில் உருக்கமாகப் பேசுகிறவன் நான். பைக்கில் போனால் கால் மணி நேரத்தில் இருக்கும் தெருவுக்குப் போகாதவனும் நான்தான்.

இனி, சொல்ல வந்தது. ஓர் அமெரிக்கப் போதகரின் பிரசங்கத்தில் அவர் அப்பாவின் சாவு வரும். கடைக்காரர். கடைசி ராத்திரி, தனக்கு வரவேண்டிய கடன்கள் எழுதிய நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, மகன் எதிரிலேயே கிழித்துப் போடுகிறார். மன்னிப்பைப் பற்றிப் பேசிய ஒரு ஞாயிறில் அந்த மனிதரை நான் மளிகைக்கடைக்காரர் ஆக்கினேன். “என் அப்பா” என்றேன். சபை அழுதது. என் அப்பா பஸ் கண்டக்டர். பக்கவாதத்தில் பேச்சு போய், அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, ஒன்றும் சொல்லாமல் செத்தார். அந்தச் சாவைப் பற்றி நான் எந்த மேடையிலும் பேசியதில்லை.

சில மாதம் கழித்துச் சபையில் ஓர் அம்மா வந்தார். கணவருக்குப் புற்றுநோய், முற்றிவிட்டது. நாலைந்து தறி வைத்திருந்தவர். சொந்தக்காரர் ஒருவருக்குப் பெருந்தொகை கடன் கொடுத்து, அதனாலேயே பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்தது. “ஐயா, உங்கப்பாரு நோட்டைக் கிழிச்சப்ப உங்கம்மா ஒண்ணும் சொல்லலீங்களா?” என்று கேட்டார். கணவருக்கும் அப்படிச் செய்ய ஆசை, இவருக்குப் பயம்.

அது என் கதை இல்லை என்று சொல்ல அப்போது இடம் இருந்தது. நான் சொன்னது: “அம்மா ஒரு வார்த்தை பேசலைங்க. விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டாந்து பிடிச்சாங்க.” அமெரிக்கர் பிரசங்கத்தில்கூட விளக்கு இல்லை.

புரோநோட்டைக் கிழித்துவிட்டார்கள். சொந்தக்காரர் வந்து காலடியில் உட்கார்ந்து அழுதார், அடக்கத்தில் முன்னால் நின்று பாடை தூக்கினார். அந்த அம்மா பிறகு இரண்டு தறியை விற்றார். பணத்தைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசவில்லை.

டீக்கன்மாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பிரசங்கம் நல்லாத்தானுங்கய்யா இருந்துச்சு, இத எதுக்குச் சபைக் கூட்டத்துல கொண்டுபோய்ட்டு” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் அந்த வீட்டில் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். சொந்தக்காரர் குடும்பமும் வருகிறதாம். “உங்கப்பாரு கதையவே சொல்லுங்கய்யா, அம்மா விளக்குப் புடிச்சத விட்டுறாதீங்க” என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.