கடைசி அணிக்கு முதல் பையன்

அன்புள்ள மாமா,

வாட்ஸாப்பில் நீங்கள் அனுப்பிய குரல் செய்தி வந்தது. பாதிக்கு மேல் குரோம்பேட்டை பஸ்ஸின் ஹாரன்தான் கேட்டது என்றாலும் விஷயம் புரிந்தது. பேரனுக்குப் பன்னிரண்டு முடியப்போகிறது. முழுநேரக் கிரிக்கெட் அகாடமியில் சேர்த்துவிடச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறான். "உங்க ஊர்ல பசங்க எப்படிடா பெரிய ஆட்டக்காரன் ஆகிறானுங்க? எந்த வயசுல தெரியும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

கிரிக்கெட்டைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. இங்கே பெர்த்தில் ஏப்ரல் பிறந்துவிட்டால் கிரிக்கெட் என்று ஒன்று இருந்ததையே ஊர் மறந்துவிடும். அப்புறம் செப்டம்பர் கடைசி வரை எல்லாருக்கும் 'ஃபுட்டி' பைத்தியம்தான். ஆஸ்திரேலியர்களின் சொந்தக் கால்பந்து அது. பந்து நீளுருண்டையாக இருக்கும். காலாலும் உதைக்கலாம், கையிலும் பிடிக்கலாம், ஆனால் எறியக் கூடாது. ஒரு உள்ளங்கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தித்தான் அடுத்தவனுக்குத் தர வேண்டும். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, நடுக்கம்பத்துக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒன்று. கொஞ்சம் தவறவிட்டவனுக்கும் ஒரு புள்ளி கொடுக்கிற ஆட்டம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது சொல்லுங்கள்!

இந்த ஆட்டத்தைப் பெற்றுப்போட்டதே கிரிக்கெட்தான் என்பது உங்களுக்குப் பிடிக்கும். டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858 ஜூலையில் மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள், கால்பந்துச் சங்கம் ஒன்று வைப்போம் என்றார். அடுத்த வருஷமே விதிகளை எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் ஆட்டம் நடப்பது கிரிக்கெட் மைதானங்களில்தான். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடக்கும் இறுதி ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் வருகிறார்கள்.

என் மகள் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடுகிறாள். சனிக்கிழமை விடிந்ததும் பனி காயாத புல்தரையில் நிற்போம். மைதானத்துக்குச் சுற்றுச்சுவரும் கிடையாது, வாட்ச்மேனும் கிடையாது. பயிற்சியாளர் யாரோ ஒரு குழந்தையின் அப்பா, வாரநாளில் குழாய் வேலை பார்க்கிறவர். அவர் உதைக்கச் சொல்லித்தருவதைப் பார்க்க வேண்டும். பந்தின் தையல் முன்பக்கம் பார்க்க இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்வார். ஓடிவந்து, ஒரு கையை மட்டும் வைத்துப் பந்தைப் பாதத்துக்கு நேராக இறக்கிவிட வேண்டும். தூக்கிப் போடக் கூடாது. பந்து செங்குத்தாக இறங்கினால்தான் பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு நேராகப் போகும். விரலளவு சாய்ந்தாலும் எங்கேயோ போய் விழும். வலது காலில் படிந்துவிட்டால் விடமாட்டார், இடது காலுக்கு மாற்றிவிடுவார். அம்மா அப்பாக்களுக்கும் முறைவேலை உண்டு. ஒருவர் ஆரஞ்சு நறுக்க வேண்டும், ஒருவர் ரொட்டியில் சாஸேஜ் வைத்து விற்க வேண்டும். எனக்கு ஒருமுறை வெள்ளைக் கோட்டை மாட்டிக் கையில் இரண்டு கொடியைக் கொடுத்துக் கம்பத்துக்கு அடியில் நிறுத்திவிட்டார்கள். கோல் விழுந்தால் இரண்டு கொடியும், ஒரு புள்ளி என்றால் ஒரு கொடியும் ஆட்ட வேண்டும். சிட்லபாக்கத்தில் வற்றிய ஏரிக்குள் ஆடிய காலத்தில் எனக்கு அம்பயர் வேலையை யாரும் தந்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அதற்கு மேல் படி ஏறுவது இப்படி. மேற்கு ஆஸ்திரேலியாவில் மாநில லீகின் பழைய கிளப்புகள் ஒன்பதும் பேட்டைகளைப் பங்கு போட்டு வைத்திருக்கின்றன. பதினான்கு வயதிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பேட்டை கிளப் பொறுக்கி எடுக்கும். அப்புறம் கிளப்பின் இளையோர் அணி, மாநிலத்தின் பதினெட்டு வயது அணி. அதற்கும் பிறகு ஒரு சோதனை முகாம் உண்டு. இருபது மீட்டர் ஓட்டம் (மூன்று நொடிக்குள் ஓடினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்), இரண்டு கிலோமீட்டர் ஓட்டம், எழும்பிக் குதிக்கிற உயரம் எல்லாம் அளக்கிறார்கள். தேசிய லீகின் கிளப்காரர்கள் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். பையனின் குணம் எப்படி, வீட்டில் யார் யார் என்பது வரை விசாரணை உண்டு. நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம் பரவாயில்லை.

நவம்பரில் வருவது 'டிராஃப்ட்'. அதுதான் எனக்கு ஜீரணிக்கக் கஷ்டமாக இருந்தது. நம்மூர் இன்ஜினியரிங் கவுன்சலிங்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அங்கே கட்-ஆஃப் அதிகம் வாங்கிய பையன் முதலில் போய்க் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறான். இங்கே கல்லூரிகள் வரிசையில் நின்று பையனைத் தேர்ந்தெடுக்கின்றன. அதிலும் அந்த வருஷம் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. பணக்கார கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப்போட்டுவிடக் கூடாது என்று 1986ல் கொண்டுவந்த ஏற்பாடு. நாடு முழுக்க வருஷத்துக்கு அறுபது எழுபது பேருக்குத்தான் இந்த வழியில் இடம் கிடைக்கிறது. ஐ.பி.எல். ஏலம் மாதிரி கோடிக்கணக்கில் கூவுவதும் இல்லை, முதல் வருஷச் சம்பளத்துக்கு அட்டவணை இருக்கிறது. எந்த ஊருக்குப் போகிறோம் என்று மட்டும் பையனை யாரும் கேட்பதில்லை. வாரிசுக்கு மட்டும் சலுகை உண்டு. அப்பா ஒரு கிளப்புக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தால் மகனை அந்தக் கிளப் முன்னுரிமை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாரிசு அரசியல் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

2023ல் எங்கள் ஊர் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் மூன்றே ஆட்டம் ஜெயித்துப் பட்டியலின் அடியில் கிடந்தது. அதனால் அந்த வருஷத்தின் முதல் பையன் அவர்களுக்கு. பெயர் ஹார்லி ரீட். விக்டோரியாவில் டோங்காலா என்ற பால்பண்ணைச் சிற்றூர்க்காரன். பெண்டிகோ பயனியர்ஸ் இளையோர் அணியில் ஆடி வந்தவன். பதினெட்டு வயதில் மூட்டை கட்டிக்கொண்டு, மெல்போர்னிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணத்தில் இருக்கிற ஊருக்கு வந்து சேர்ந்தான். முதல் சீசனிலேயே ஊரே அவன் பெயரைச் சொன்னது. கூடவே, 'எப்போது ஊருக்குத் திரும்புவான்' என்ற பேச்சும் ஆரம்பித்தது. வீட்டு ஏக்கத்தையும் இங்கே கணக்கில் எடுத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள்.

நம் ஆட்கள் யாராவது ஆடுகிறார்களா என்று அடுத்துக் கேட்பீர்கள். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போனதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1947 ஆகஸ்டிலேயே பம்பாயிலிருந்து 'மனூரா' என்ற கப்பலில் எழுநூறு பேருக்கு மேல் பெர்த்தின் துறைமுகமான ஃப்ரீமாண்டிலுக்கு வந்து இறங்கினார்கள். கல்கத்தாவில் பிறந்து பின்னர் இங்கே வந்து இந்த ஆட்டத்தை ஆடியவர் ரோஜர் கெர். அவர் மகன் டேனியலை 2000ஆம் வருஷ டிராஃப்டில் பதினெட்டாவது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தபோது பையனுக்குப் பதினேழு வயது. சொந்த ஊர் அணியே எடுத்தது, அதிர்ஷ்டம்தான். 2013 வரை 220 ஆட்டம். 2005ல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை அணித்தோழர் பென் கசின்ஸிடம் ஒரே ஒரு ஓட்டில் இழந்தார். அடுத்த வருஷம் இறுதி ஆட்டத்தில் சிட்னியை ஒரே ஒரு புள்ளியில் வென்ற அணியில் இருந்தார்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவருடைய தங்கை கதை. 1993ல் பிறந்த சாம் கெரும் அண்ணன் ஆடிய இதே ஆட்டத்தைத்தான் பையன்களோடு சேர்ந்து ஆடினாள். பன்னிரண்டு வயதில் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் பெண்களுக்கு அப்போது அந்தப் பாதையில் இடமில்லை. உருண்டைப் பந்துக்கு மாறினாள். பதினைந்து வயதில் பெர்த் குளோரி அணி, அதே வயதில் நாட்டின் அணி, பிறகு லண்டனின் செல்சி, ஆஸ்திரேலிய அணியின் தலைமை. 2022 ஜனவரியில் மும்பையில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தோனேசியாவுக்கு எதிராக ஐந்து கோல் போட்டு, ஆண்கள் அணியின் டிம் கேஹில் வைத்திருந்த ஐம்பது கோல் சாதனையைத் தாண்டினாள். ஆண் பெண் யாரும் ஆஸ்திரேலியாவுக்காக அதுவரை அவ்வளவு கோல் போட்டதில்லை. அப்பா பிறந்த நாட்டில் நடந்தது இது. நம் பத்திரிகைகளில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்? பெண்களுக்கான தொழில்முறை ஃபுட்டி லீக் 2017ல்தான் தொடங்கியது. சாமுக்கு அப்போது இருபத்து மூன்று. அந்த ஆட்டம் தன் மகளைத் தானே அனுப்பிவிட்டு, உலகம் கொண்டாடியதை டிவியில் பார்த்தது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட உண்டு.

நம் தமிழ்ப் பிள்ளைகளோ தாமாகவே விலகிவிடுகிறார்கள். இங்கே கேனிங் வேலில் மகளின் கிளப்பிலேயே ஒரு பையன் இருந்தான். முதுகுக்குப் பின்னால் வரும் பந்தைத் திரும்பிப் பார்க்காமலே பாய்ந்து பிடிப்பான். ஆறாம் வகுப்பு வந்தது, பெர்த் மாடர்ன் பள்ளியின் நுழைவுத் தேர்வு வந்தது, சனிக்கிழமை டியூஷன் வந்தது. ஆள் காணோம். அவன் அப்பாவை நான் குறைசொல்ல மாட்டேன். அறுபது இடத்துக்கு நாடு முழுக்க அடித்துக்கொள்ளும் ஒரு வரிசையில் பிள்ளையை நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்? ஆனால் கணக்குப் போட்டு விலக அவனுக்குப் பதினேழு வயது வரை நேரம் இருந்தது என்பதுதான் என் கட்சி. பதினொன்றில் எதுவும் தெரியாது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: முழுநேர அகாடமி இப்போது வேண்டாம். பள்ளிக்கூடமும் மாலை ஆட்டமும் போதும். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த நடராஜனை 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு எடுத்தபோது அவருக்கு இருபத்தைந்து. இங்கே கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் பந்து வீசியபோது இருபத்தொன்பது. நம் பாதையில் கிளைவழி அதிகம், அவசரம் குறைவு. அதுதான் பேரனுக்கு லாபம்.

இன்னொன்று. பேத்திக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பந்து பொறுக்கிப் போடுகிறாள் என்று அத்தை சொன்னார்கள். மதுரைப் பெண் கமலினியை 2024 டிசம்பரில் பெண்கள் லீக் ஏலத்தில் மும்பை அணி ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு எடுத்தபோது வயது பதினாறு. அகாடமிக்கு விசாரிக்கப் போகும்போது பெண்களுக்கும் தனி வலைப்பயிற்சி இருக்கிறதா, எந்த நாளில், யார் சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பொங்கலுக்கு வரும்போது அவளுக்கு ஒரு மட்டை வாங்கி வருகிறேன், அளவை மட்டும் அனுப்புங்கள்.